வழிப்போக்கனின் கடன்

திருப்பத்தூரிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறும் சாலை எனக்கு நாற்பது ஆண்டுகளாகப் பழக்கமானது. பணி ஓய்வுக்குப் பிறகு அச்சாலையில் அடிக்கடி செல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், ஜவ்வாது மலையின் கற்திட்டைகளைப் பார்க்கத் தனியே புறப்பட்டேன். பலகைக் கற்களைச் சுவர்போல் நிறுத்தி, மேலே பெரிய மூடுகல் ஏற்றி, பெருங்கற்காலத்து மக்கள் இறந்தோருக்காக எழுப்பிய ஈமச்சின்னங்கள் அவை. உள்ளே ஓர் ஆள் குனிந்து அமரும் அளவே இடம் இருப்பதால், குள்ளர்கள் வாழ்ந்த வீடுகள் என்று ஊர்மக்கள் சொல்கிறார்கள். திரும்பும்போது ஒற்றையடிப் பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் தவறான பக்கம் திரும்பிவிட்டேன். நண்பகல் கடந்து, கையிலிருந்த தண்ணீரும் தீர்ந்து, ஒரு குடிசையின் முன் போய் நின்றேன்.

அங்கிருந்த மூதாட்டி நான் யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. முதலில் செம்பில் தண்ணீர் கொடுத்தார். பிறகு ராகிக்களியும் கீரைக் கடைசலும் வைத்தார். உண்டு முடித்து எழுந்து நூறு ரூபாய்த் தாளை நீட்டியபோதுதான் அவர் முகம் மாறியது. “காசெல்லாம் வேணாஞ் சாமி. வழி தப்பி வந்தவங்களுக்குச் சோறு போட்டுட்டு யாராச்சும் காசு வாங்குவாங்களா? உங்க ஊருல எவனாச்சும் பசின்னு வந்து நின்னா அவனுக்குப் போடு” என்றார்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் நான். கடன் கொடுத்தவருக்குத் திருப்பித் தராமல், முன்பின் அறியாத வேறொருவருக்குத் தந்து கணக்கை நேர்செய்யும் ஏற்பாட்டுக்கு எங்கள் பாடநூல்களில் அத்தியாயம் கிடையாது. ஆனால், அந்த ஏற்பாட்டை அதற்கு முன்பே ஒருமுறை நான் சந்தித்திருந்தேன். ஜவ்வாது மலையிலிருந்து ஐயாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சூடானில்.

அந்நாட்டைப் பற்றி இன்று நம் செய்தித்தாள்களில் வருவதெல்லாம் போரும் பஞ்சமும்தான். அவை உண்மையே. ஆயினும், அம்மக்கள் எத்தகையோர் என்பதை அச்செய்திகள் சொல்வதில்லை. அதை அறிந்தால்தான் அங்கே அழிந்துகொண்டிருப்பது எது, அழிவுக்கு நடுவிலும் எஞ்சியிருப்பது எது என்பது விளங்கும்.

நாம் அறிந்த சூடான்

2010 பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை, பாசனப் பொருளியல் தொடர்பான ஓர் ஆய்வுக்காகச் சூடானில் தங்கியிருந்தேன். போவதற்கு முன் எனக்குத் தெரிந்தது சொற்பம். நீல நைலும் வெள்ளை நைலும் தலைநகர் கார்ட்டூமில் கலக்கின்றன என்பதும், பிரிட்டிஷார் பருத்திக்காக அங்கே பெரும் பாசனத் திட்டம் ஒன்றை உருவாக்கினர் என்பதும்தான்.

சென்றபின் அறிந்தவை வியப்பளித்தன. 1953இல் சூடானின் முதல் நாடாளுமன்றத் தேர்தலை நடத்திக் கொடுத்த சர்வதேச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். இரண்டாம் உலகப் போரில் சூடானைக் காக்கப் போரிட்ட இந்திய வீரர்களுக்கு நன்றியாக அந்நாடு அளித்த நன்கொடையின் நினைவாகவே, கடக்வாஸ்லாவில் உள்ள தேசிய பாதுகாப்பு அகாடமியின் முதன்மைக் கட்டடம் ‘சூடான் பிளாக்’ என்று பெயர் பெற்றிருக்கிறது. நைலின் மறுகரையில் உள்ள ஓம்துர்மான் நகரில் குஜராத்தி வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்தன.

எனக்கு நெருக்கமாகப் பட்ட தொடர்பு ஒன்று உண்டு, அது சந்தனம். சூடானியப் பெண்கள் திருமணம் முதலிய மங்கல நிகழ்ச்சிகளுக்குத் தயாரிக்கும் நறுமணத் தைலங்களிலும் புகைப்பொருள்களிலும் சந்தனம் இன்றியமையாதது. அரபியில் அதற்கு ‘ஸந்தல்’ என்று பெயர். ஜவ்வாது மலையோ ஒரு காலத்தில் சந்தன மரங்களுக்குப் பேர்பெற்றது; திருப்பத்தூரின் அரசு சந்தனமரக் கிடங்கை அறியாதோர் எங்கள் வட்டாரத்தில் இல்லை. ‘அந்த மரம் வளரும் மலைக்கு அருகிலிருந்து வருகிறேன்’ என்று சொன்ன இடங்களிலெல்லாம் எனக்கு ஒரு கோப்பைத் தேநீர் கூடுதலாகக் கிடைத்தது.

படிக்க முடியும், பொருள் தெரியாது

கார்ட்டூமுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் மெரோவே இருக்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 4ஆம் நூற்றாண்டு வரை குஷ் பேரரசின் மன்னர்களும் அரசியரும் அங்கே அடக்கம் செய்யப்பட்டனர். எகிப்திய பிரமிடுகளைவிட அவை சிறியவை, ஆனால் செங்குத்தானவை. சூடான் முழுவதும் உள்ள பிரமிடுகளைக் கூட்டினால் 200ஐத் தாண்டும். எண்ணிக்கையில் எகிப்தை விஞ்சும். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் எகிப்தையே வென்று அதன் 25ஆம் அரச மரபாக ஆண்டவர்கள் இந்தக் குஷ் மன்னர்கள் என்பதை நம் பள்ளி வரலாற்று நூல்கள் அரிதாகவே சொல்கின்றன.

பல பிரமிடுகளுக்கு உச்சி இல்லை. 1834இல் புதையல் தேடி வந்த இத்தாலியரான ஜுசெப்பே ஃபெர்லினி அவற்றில் பலவற்றை இடித்துத் தள்ளினார். அரசி அமானிஷாகெட்டோவின் பிரமிடில் அவர் எடுத்த பொன்னணிகள் இன்று ஜெர்மனியின் பெர்லின், மியூனிக் அருங்காட்சியகங்களில் உள்ளன.

நக்கா என்னுமிடத்தில் உள்ள சிங்கக் கோயிலின் சுவரில், அபெடெமாக் என்னும் சிங்கமுகக் கடவுள் மூன்று தலைகளும் நான்கு கைகளும் கொண்டு நிற்கிறார். தமிழ்நாட்டுக் கோயில்களில் வளர்ந்த கண்ணுக்கு அந்த உருவம் அந்நியமாகத் தோன்றாது. இந்தியத் தாக்கம் இருக்கலாம் என்று முற்கால ஆய்வாளர் சிலர் எண்ணியதும் உண்டு. இன்றைய அறிஞர்களில் பலர் அதை ஏற்பதில்லை. நானும் அந்த ஆசைக்கு இடங்கொடுக்கவில்லை. ஒவ்வொரு வியப்பின் வேரையும் நம் ஊரில் தேடுவது பயணிக்கு அழகல்ல.

மெரோவே எழுத்தைப் பற்றிய செய்திதான் என்னை நெடுநேரம் ஆட்கொண்டது. பிரிட்டிஷ் அறிஞர் கிரிஃபித் 1911ஆம் ஆண்டளவில் அதன் எழுத்தொலிகளைக் கண்டறிந்தார். ஆகவே அக்கல்வெட்டுகளை இன்று உரக்கப் படிக்க முடியும். ஆனால் மன்னர், கடவுளர் பெயர்களும் சில சொற்களும் தவிர, பொருள் தெரியாது, அம்மொழி வழக்கொழிந்துவிட்டது. ஜவ்வாது மலையடிவாரத்தில் செங்கம் வட்டாரத்து நடுகற்களை நினைத்துக்கொண்டேன். இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அக்கல்வெட்டுகள் பல்லவர் காலத்து வட்டெழுத்தில் உள்ளவை. ஆநிரைப் பூசலில் மாண்ட வீரனின் பெயரையும், எடுத்தனூர் நடுகல்லில் அவனுடன் நின்ற நாயின் பெயரையும்கூட நம்மால் படித்துப் பொருள் கொள்ள முடிகிறது. மொழி அறுபடாமல் தொடர்வது எத்தகைய பேறு என்பதை மெரோவேயின் மணல்மேட்டில் நின்றபோதுதான் முழுமையாக உணர்ந்தேன்.

எனினும் அந்த நாகரிகத்திலிருந்து ஒரு சொல் மட்டும் இறக்கவில்லை. மெரோவே அரசியரின் பட்டப்பெயரான ‘கண்டாக்கா’வை, 2019இல் சர்வாதிகாரி உமர் அல் பஷீரை வீழ்த்திய போராட்டத்தில் முன்நின்ற பெண்களுக்கு அந்நாட்டு மக்கள் சூட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை மாலையும் மீலாது இரவும்

ஓம்துர்மானில் ஹமீத் அல் நீல் என்னும் 19ஆம் நூற்றாண்டுச் சூஃபி ஞானியின் அடக்கத்தலம் ஒரு பெரிய இடுகாட்டின் நடுவே உள்ளது. வெள்ளிக்கிழமைதோறும் சூரியன் மறையும் முன் அங்கே ‘திக்ர்’ நடக்கும். பச்சையும் சிவப்புமான ஒட்டுத்துணி அங்கி அணிந்த பக்கீர்கள் முரசொலிக்கு ஏற்ப இறைநாமத்தைச் சொல்லியபடி சுழல்வார்கள். சுற்றிலும் வெண்ணிற ஜலாபியா அணிந்த ஆடவர்கள். நம் புடவையைப் போல நீண்ட துணியை உடல் முழுதும் சுற்றிய பெண்கள். ஓரத்தில் தேநீர் விற்கும் பெண்கள். வெளிநாட்டவனான என்னை எவரும் விலக்கவில்லை. நன்றாகத் தெரியும் இடத்துக்கு ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

அவர்கள் காதிரிய்யா நெறியினர் என்று அறிந்தபோது எனக்குச் சொந்த ஊர் நினைவு வந்தது. அந்நெறியின் முதல்வர் அப்துல் காதிர் ஜீலானியைத்தான் நாம் முகைதீன் ஆண்டவர் என்கிறோம். தமிழ்நாட்டில் அவர் பெயரில் கொடியேறும் ஊர்கள் பல. அதே ஞானமரபில் வந்தவரே நாகூர் சாகுல் ஹமீது. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்த 131 அடி மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அங்கே 14 நாள் கந்தூரியில் சந்தனக்கூடு வரும்போது கூட்டத்தில் யார் எந்த மதத்தினர் என்று பிரித்தறிய முடியாது. நைல் கரையிலும் காவிரிப் படுகையிலும் ஒரே ஞானியின் பெயர் ஒலிக்கிறது. இரண்டு இடங்களிலும் கூட்டத்துக்குச் சோறு போடுவது வழிபாட்டின் பகுதியாக இருக்கிறது.

மீலாது நபி இரவில் ஓம்துர்மானின் கலீஃபா திடல் நம் ஊர்த் திருவிழாவேதான். ஒவ்வொரு சூஃபி நெறிக்கும் தனிக் கூடாரம், கொடி, முரசு. கடைகளில் எள்ளுருண்டையும் வேர்க்கடலை மிட்டாயும் மலைபோல் குவிந்திருக்கும். என் மொழிபெயர்ப்பாளராக உடன்வந்த ஓம்துர்மான் இளைஞர், பொருளியலில் பட்டம் முடித்தவர், ஒரு பொட்டலம் எள்மிட்டாயை என் கையில் வைத்து, “இது உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு” என்றார். எனக்கு அப்போது பேரப்பிள்ளைகள் இல்லை. “வருவார்கள், அதுவரை வைத்திருங்கள்” என்றார்.

வண்டியை மறித்தவர்கள்

கார்ட்டூமுக்குத் தெற்கே நீல நைலுக்கும் வெள்ளை நைலுக்கும் இடையே விரிவது ஜசீரா சமவெளி. 1925இல் முடிக்கப்பட்ட சென்னார் அணையின் நீரால் தொடங்கிய அப்பாசனத் திட்டம், பிறகு 8 லட்சம் ஹெக்டேருக்கும் மேல் விரிந்தது. என் ஆய்வுக்களம் அதுவே. ஆகஸ்ட் மாதம் ரமலான் தொடங்கியது. கடும் வெயிலில் மக்கள் தண்ணீரும் அருந்தாமல் வயலில் நின்றனர்.

ஒரு மாலை, மதனி நகரிலிருந்து கார்ட்டூம் நோக்கிப் பேருந்தில் வந்துகொண்டிருந்தோம். சூரியன் அடிவானத்தைத் தொடும் நேரம். நெடுஞ்சாலையின் குறுக்கே நாலைந்து பேர் கைகளை விரித்துக்கொண்டு பேருந்தை மறித்தனர். வழிப்பறி என்றே அஞ்சினேன். ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வண்டியை ஓரங்கட்டினார். சாலையோர மணலில் நீளமாகப் பாய்கள் விரித்திருந்தன. வீடுதோறும் ஆடவர்கள் பெரிய வட்டத் தட்டுகளில் உணவு சுமந்து வந்தனர். பயணிகள் அனைவரும் நோன்பு திறந்து உண்டபின்தான் பேருந்து நகரலாம். இதற்கு யாரும் ஏற்பாட்டுக் குழு அமைக்கவில்லை. ஜசீராவின் சாலையோர ஊர்களில் ரமலான் முழுவதும் நடப்பது இதுதான். பயணத்தில் இருப்பவன் நோன்பு திறக்க வழியின்றித் தன் ஊரைக் கடந்து போனான் என்றால் அது அவ்வூருக்கு இழுக்கு.

நான் நோன்பாளி அல்லேன், முஸ்லிமும் அல்லேன் என்று இளைஞர் மூலம் தெரிவித்தேன். அதைக் கேட்ட பெரியவர், “அவர் பயணிதானே?” என்று மட்டும் கேட்டு, என்னைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். முளைகட்டிய சோளமாவில் செய்த, இனிப்பும் கசப்பும் கலந்த பானம் வந்தது. பிறகு ‘அஸீதா’. சோளமாவைக் கிண்டி, கவிழ்த்து வைத்து, நடுவே குழம்பு ஊற்றி எல்லோரும் ஒரே தட்டில் விரலால் எடுத்து உண்ணும் உணவு. கண்ணை மூடிக்கொண்டு தின்றால் அது எங்கள் பக்கத்துக் களி. விடைபெறும்போது ஊர்ப் பள்ளிக்கு என்று சொல்லிச் சிறு தொகை கொடுக்க முயன்றேன். பெரியவர் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரை நோகடித்துவிட்டேன் என்பது பேருந்தில் ஏறியபின்தான் புரிந்தது.

வாணியம்பாடியில் கழிந்த என் சிறுவயதில், நோன்பு மாதத்தில் அடுத்த வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும். வெறும் வாளியைத் திருப்பித் தரக்கூடாது என்று அம்மா அதில் ஏதேனும் போட்டு அனுப்புவார். ஜசீராவின் பெரியவரிடம் அப்படிப் போட்டுக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

விருந்தோம்பலின் பொருளியல்

இதையெல்லாம் நல்லவர்களின் நற்குணம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரு நாடு முழுவதும், தலைமுறை தலைமுறையாக, முன்பின் அறியாதவருக்கும் தொடர்ந்து செய்யப்படுவது தனிமனிதக் குணத்தைக் கடந்தது. பொருளியலார் அதை ஒரு நிறுவனம் என்பர். கட்டடமும் பதிவு எண்ணும் இல்லாத நிறுவனம்.

அதன் இயக்கம் எளிது. பாலைநிலத்திலும் மலைநாட்டிலும் மக்கள் நெருக்கம் குறைவு. விடுதி நடத்தினால் கட்டுப்படியாகாது. அரசின் கையும் அங்கே எட்டாது. ஆனால் மேய்ச்சலுக்கும் வணிகத்துக்கும் உறவினரைக் காணவும் மக்கள் பயணம் செய்தே ஆகவேண்டும். வழியில் தண்ணீரும் உணவும் கிடைக்காவிட்டால் மரணம். இன்று என் வீட்டுக்கு வந்தவனுக்கு நான் கொடுக்கிறேன். நாளை எங்கோ என் மகன் நிற்கும் வாசலில் வேறொருவர் கொடுப்பார். கொடுத்தவரும் பெற்றவரும் மீண்டும் சந்திக்கத் தேவையில்லை. பிரீமியம் இல்லாத காப்பீடு இது. மானுடவியலாளர் மார்சல் மாஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற ஆய்வும், மார்ஷல் சாலின்ஸ் 1972இல் வெளியிட்ட நூலும் இவ்வகைப் பரிமாற்றங்களை விரிவாக விளக்குகின்றன.

இத்தகைய காப்பீட்டுக்கு ஓர் ஆபத்து உண்டு. எல்லோரும் பெற விரும்பி, கொடுப்பவர் குறைந்தால் அது சரிந்துவிடும். கண்காணிக்க அதிகாரி இல்லாத இடத்தில் அந்தக் காவல் பணியைச் சமயமும் மானமும் செய்கின்றன. இஸ்லாத்தில் ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். சூடான் ஊர்களில் மரநிழலில் வழிப்போக்கருக்காக மண்சாடிகளில் தண்ணீர் நிரப்பி வைப்பது நன்மைக்குரிய அறம். நம் ஊரின் தண்ணீர்ப்பந்தலும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சாலையோரம் நட்ட சுமைதாங்கிக் கல்லும் அதே அறத்தின் வேறு வடிவங்கள். திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே உண்டு. ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். அறிமுகமானவர் வந்தால் அது உறவு. அறியாதவர் வந்தால்தான் விருந்து.

இதற்கு இலக்கியச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பத்துப்பாட்டில் உள்ள மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் நூல். அந்தச் செங்கண்மாதான் இன்றைய செங்கம் என்பர். 583 அடிகள் கொண்ட அந்நூலின் பெரும்பகுதி, எந்த வழியில் இடர் இருக்கும், எங்கே நடுகற்கள் நிற்கும், எந்தச் சிற்றூரில் மலைவாழ் மக்கள் உறவினரைப்போல் வரவேற்று உணவிடுவர் என்பதைத்தான் விவரிக்கிறது. அறிமுகமில்லாத கூட்டம் ஒன்று ஊர் ஊராக உண்டுகொண்டே போகலாம் என்ற உறுதி இல்லாமல் அப்படி ஒரு வழிகாட்டி நூலை எழுத முடியாது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். அவர்கள் எப்போது வந்திருந்தாலும், இந்த நிலம் கேட்கும் அறத்தைக் கைக்கொண்டார்கள். எனக்குக் களி வைத்த மூதாட்டி மலைபடுகடாத்தைப் படித்தவர் அல்லர்.

சொல்லாமல் விடக்கூடாதவை

இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். விருந்தினரைப் போற்றும் சமூகம் தன் சொந்த மக்களை நீதியாக நடத்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 19ஆம் நூற்றாண்டுக் கார்ட்டூம் அடிமைச் சந்தையாகவும் இருந்தது. தெற்குப் பகுதி மக்கள் பல பத்தாண்டுகள் போரிட்டு 2011 ஜூலையில் தனிநாடாகப் பிரிந்தனர். 2003இல் தொடங்கிய தார்ஃபூர் படுகொலைகளை உலகம் அறியும். நான் உண்ட தட்டுகளை ஆடவர்கள் சுமந்து வந்தார்கள். நோன்பிருந்துகொண்டே அடுப்பில் நின்று சமைத்த பெண்களை நான் காணவே இல்லை. விருந்தோம்பலின் செலவில் பெரும்பங்கு எப்போதும் அவர்கள் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

நம் மலையிலும் அப்படியே. ஊருக்கு வந்தவருக்குச் சோறிட்ட மக்களுக்கு நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம்? சந்தன மலையில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காக வெளிமாநிலங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகக் கூறிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளர்களில் இம்மலை மக்களும் இருந்தனர். சூடானின் தங்கமும் அப்படித்தான்; அதைத் தோண்டியவர்கள் ஏழைகளாகவே இருக்க, அது ஆயுதக் குழுக்களின் கருவூலமாயிற்று. விருந்தோம்பல் ஓர் அரசு செய்ய வேண்டிய வேலையை ஈடுசெய்ய முடியாது.

போரும் சமையற்கூடங்களும்

2023 ஏப்ரல் 15 அன்று, ரமலான் மாதத்தின் இறுதி நாள்களில், சூடான் ராணுவத்துக்கும் விரைவு ஆதரவுப் படை என்னும் துணைப்படைக்கும் கார்ட்டூமில் போர் மூண்டது. ‘ஆபரேஷன் காவேரி’ என்ற பெயரில் 3,862 பேரை இந்திய அரசு மீட்டு வந்தது. சூடானியருக்குப் போக இடமில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். உலகின் மிகப்பெரிய இடப்பெயர்வு அதுவே. 2024 ஆகஸ்டில் வட தார்ஃபூரின் ஜம்ஜம் முகாமில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. கார்ட்டூம் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. ஃபெர்லினி விட்டுச்சென்றதையும் இம்முறை சொந்த நாட்டவரே எடுத்துப் போனார்கள். 2023 டிசம்பரில் மதனி நகர் துணைப்படையிடம் வீழ்ந்தது. பேருந்தை மறித்து உணவிட்ட அதே நெடுஞ்சாலை, அகதிகள் தப்பியோடும் பாதையாயிற்று.

அரசு சரிந்த அந்த நாள்களில் நான் கண்ட பழைய நிறுவனம் மீண்டும் தலைதூக்கியது. கூட்டாக வயல்வேலை செய்யவும் வீடு கட்டவும் ஊரே திரள்வதைச் சூடானியர் ‘நஃபீர்’ என்பர். அந்த மரபிலிருந்து ‘அவசரகால உதவி அறைகள்’ என்னும் தெருக்குழுக்கள் பிறந்தன. இளைஞர்களும் பெண்களும் சேர்ந்து நடத்திய பொதுச் சமையற்கூடங்கள், ஐ.நா. வாகனங்கள் நுழைய முடியாத தெருக்களிலும் பருப்பும் அவரையும் வேகவைத்துப் பசியாற்றின. 2019 போராட்டத் திடலில் பெட்டிகளை வைத்து, ‘இருந்தால் போடு, இல்லையென்றால் எடுத்துக்கொள்’ என்று சொன்ன அதே தலைமுறை இது. 2025இல் அக்குழுக்களுக்கு ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஆனால் அதே ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை முடக்கியபோது நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன. பிரீமியம் இல்லாத காப்பீட்டுக்கும் அரிசியும் பருப்பும் வேண்டும்.

எனக்கு எள்மிட்டாய் தந்த இளைஞர் ஓம்துர்மானில் தன் தெருவின் சமையற்கூடத்தில் இருந்தார். 2023 இறுதியில் கைப்பேசிச் செய்தி அனுப்பினார். பணம் அனுப்பட்டுமா என்று கேட்டேன். “அனுப்புங்கள், எனக்கல்ல, அடுப்புக்கு” என்று எழுதினார். அனுப்பினேன். அன்று எத்தனை பேர் உண்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை தெரிவிப்பார். 2024 கோடைக்குப் பிறகு அவரிடமிருந்து செய்தி இல்லை. எனக்கு இப்போது இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

களியும் அஸீதாவும்

இந்திய நகரங்களில் சூடானிய மாணவர்கள் பலர் படிக்கின்றனர். போருக்குப் பின் அவர்களில் பலருக்கு வீட்டிலிருந்து பணம் வருவதில்லை. திரும்பிப் போக வீடும் இல்லை. வேலூரில் படிக்கும் இருவரை ஒரு நண்பர் மூலம் அறிந்து, கடந்த ஆண்டு ஒரு விடுமுறை நாளில் ஜவ்வாது மலைக்கு அழைத்துச் சென்றேன். கற்திட்டைகளைக் காட்டினேன். மெரோவேயைத் தாங்கள் நேரில் பார்த்ததே இல்லை என்றார்கள். பிறகு அந்த மூதாட்டியின் வீட்டுக்குப் போனோம்.

அவர் என்னை மறந்திருந்தார். வந்தவர்கள் வழி தப்பி வந்தார்களா, வேண்டுமென்றே வந்தார்களா என்பதும் அவருக்கு முக்கியமாகப் படவில்லை. தண்ணீர் கொடுத்தார், களி வைத்தார். முதல் உருண்டையை வாயில் வைத்த மாணவர் மற்றவரைப் பார்த்து, “அஸீதா” என்றார். இருவரும் வேறு எதுவும் பேசாமல் உண்டனர். உண்டு முடித்த பிறகுதான் மூதாட்டி, “புள்ளைங்க எந்த ஊரு சாமி?” என்று என்னிடம் கேட்டார். தொலைவில் ஒரு நாடு, அங்கே சண்டை நடக்கிறது, இவர்களால் வீட்டுக்குப் போக முடியவில்லை என்றேன். “அவங்கம்மா சோறு ஆக்கி வெச்சிட்டு எதிர்பாத்துக்கினு இருக்குமே” என்றார்.

அவ்விருவரின் கல்விக் கட்டணத்தைப் பற்றியும் விசா நீட்டிப்பைப் பற்றியும் நான் எழுத வேண்டியவை தனியே உண்டு. போரால் வருமானம் இழந்த மாணவர்களுக்குக் கட்டணத்தைத் தள்ளிவைப்பதும், தங்கும் அனுமதியை எளிதாக்குவதும் கல்வி நிறுவனங்களாலும் அரசாலும் முடியாத காரியங்கள் அல்ல. அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. நம் நகரத்தில் அப்படியொரு மாணவர் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அவரை வீட்டுக்கு உணவருந்த அழைக்கலாம். ஜசீராவின் சாலையோரத்தில் நான் பட்ட கடனை அப்பெரியவரிடம் இனித் திருப்பித் தர இயலாது. மூதாட்டி சொன்ன வழிதான் மீதமிருக்கிறது.